ஸாரா லாஷ் கட்டிய சிறு கோயில்

சீமைக்குப் போய் வந்தவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளை நேயர்கள் படித்திருப்பார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம் அவற்றில் தவறாமல் வரும். ஸெயிண்ட் பால் ஆலயத்தின் கும்மட்டம் வரும்; அதன் உயரம் இத்தனை அடி, அதன் உட்புறம் மெல்லப் பேசினாலும் எதிர்ப்புறம் கேட்கும் என்ற விவரமெல்லாம் வரும். அந்தக் கட்டடங்களின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆயினும் ஒரு தேசத்தின் கலையுள்ளத்தை அறிய விரும்புகிறவர் ராஜாங்கப் பணத்தில் எழும்பிய பெருங்கட்டடங்களோடு நின்றுவிட்டால் பாதி விஷயம் கை நழுவிப் போகும். இந்த வாரம் நேயர்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் மிகச் சிறியது. பிரயாணக் கட்டுரைக்காரர்களில் நூற்றுக்கு ஒருவர் கூட அங்கே இறங்கியிருக்க மாட்டார்.

இங்கிலாந்தின் வட கோடியில், ஸ்காட்லாந்து எல்லைக்குச் சமீபமாக, கார்லைல் என்ற நகரம் இருக்கிறது. அதற்குத் தெற்கே சுமார் ஐந்து மைல் தூரத்தில் உள்ள கிராமத்தின் பெயரை ஆங்கில எழுத்துக்களில் பார்த்தால் எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல் திகைக்க வேண்டியதுதான். ஊரார் அதை ‘ரீயா’ என்கிறார்கள். எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் உறவே இல்லாத பாஷையைக் குழந்தைகளுக்குக் கற்பித்துக் கற்பித்து அலுத்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. அந்த ஊர்க் கோயில் மரியன்னையின் பெயரால் அமைந்தது. எல்லாக் கிறிஸ்தவ ஆலயங்களையும் ‘மாதா கோயில்’ என்று சொல்லிவிடும் நம் வழக்கம் இந்த ஒரு கோயிலைப் பொறுத்தவரை முற்றும் சரியாகவே இருக்கிறது. 1840-ஆம் ஆண்டுக்குப் பின் வேலை தொடங்கி, 1842-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பிரதிஷ்டை நடந்தது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அப்பொழுது ஐந்தே வருஷங்கள் ஆகியிருந்தன.

இதன் தனிச் சிறப்பு விளங்க வேண்டுமானால், அக்காலத்தில் மற்ற ஊர்களில் எழுந்த சிறு கோயில்கள் எப்படி இருந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும். நெப்போலியனோடு நடந்த யுத்தம் முடிந்ததும், 1818-ல், பார்லிமெண்ட் புதிய கோயில்கள் கட்டுவதற்காகப் பத்து லக்ஷம் பவுன் ஒதுக்கியது. ஆலைகளைச் சுற்றிப் பெருகிய ஜனத்தொகைக்கு ஆலயங்கள் போதவில்லை என்பது ஒரு காரணம். பிரான்ஸில் நடந்தது போன்ற புரட்சி இங்கும் வந்துவிடக் கூடாதே என்ற அச்சம் மற்றொரு காரணம். கட்டடங்கள் மளமளவென்று எழுந்தன. அவற்றில் பல செங்கல் பெட்டிகளைப் போலவே இருந்தன. பிறகு இதற்கு ஒரு மறுப்பும் கிளம்பியது. 1836-ல் பியூஜின் என்ற சிற்ப நிபுணர், பழைய நூற்றாண்டுகளின் கூரிய வளைவுள்ள ‘காதிக்’ பாணியே கிறிஸ்தவத்துக்கு உகந்தது என்று வாதாடி நூல் வெளியிட்டார். 1839-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை மாணவர்கள் சிலர் ஒரு சங்கம் கண்டார்கள். கோயிலின் கருவறைப் பகுதி இவ்வளவு நீளம் இருக்க வேண்டும், ஞானஸ்நானத் தொட்டி வாசலருகே இருக்க வேண்டும், பணக்காரர் வாடகை கொடுத்துக் கதவு போட்டு அடைத்துக்கொள்ளும் இருக்கைப் பெட்டிகள் ஒழிய வேண்டும் என்றெல்லாம் விதிகளை வகுத்தார்கள். 1841 முதல் ஒரு பத்திரிகையும் நடத்தி, தங்கள் விதிக்கு மாறாகக் கட்டியவர்களைச் சாடினார்கள். இருக்கைப் பெட்டி விஷயத்தில் அந்த இளைஞர்கள் கட்சி நியாயமானதே. ஏழைக்கு ஓர் இடம், செல்வனுக்கு ஓர் இடம் என்று தெய்வ சந்நிதியில் பிரிப்பதை யார்தான் ஒப்புவார்கள்?

ஆனால் விதி வலுத்த இடத்தில் கற்பனை மெலிவதும் உண்டு. விக்டோரியா காலத்துச் சிறு கோயில்கள் பலவற்றின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். கூரிய ஜன்னல், வர்ணக் கண்ணாடி, தரையில் ஸ்டாஃபோர்டுஷயர் ஆலைகளிலிருந்து வந்த சித்திர ஓடுகள், வேதப் புத்தகத்தைத் தாங்கச் சிறகு விரித்த பித்தளைக் கழுகு, பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்த விளக்குகள். பாதிரியார் விலைப் பட்டியலைப் பார்த்துக் கடிதம் எழுதினால் ரயில் வண்டியில் சாமான்கள் வந்து இறங்கும். நம் நகரங்களில் அந்நாட்களில் எழுந்த கோர்ட்டுகளுக்கும் கலாசாலைகளுக்கும் இதே சரக்குகளில் சில கப்பலேறி வந்து சேர்ந்தன என்பது நேயர்களுக்குத் தெரிந்ததே.

ரீயா கோயிலுக்கு இவ்வாறு எதுவும் விலைப் பட்டியலிலிருந்து வரவில்லை. அதைத் திட்டமிட்டவர் சிற்ப நிபுணருமல்லர், ஆண் மகனுமல்லர். ஸாரா லாஷ் என்ற கன்னிப் பெண்மணி அவர். இங்கிலாந்தின் சிற்ப நிபுணர் கழகம் 1834-ல் ஏற்பட்டது. அதில் ஒரு ஸ்திரீயை முதன் முதலாகச் சேர்த்துக்கொண்டது 1898-ல். ஸாராவோ அதற்கு ஐம்பத்தாறு வருஷங்களுக்கு முன்னமே தம் கோயிலைக் கட்டி முடித்துவிட்டார்!

லாஷ் குடும்பம் செல்வக் குடும்பம். டைன் நதிக்கரையில் அவர்களுக்கு ஸோடா உப்புத் தொழிற்சாலை இருந்தது. இரும்பு ஆலையும் இருந்தது. ஸாராவின் சிற்றப்பா ஒருவர், ரயில் இயந்திரத்தால் பேர் பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்ஸனோடு கூட்டாக 1816-ல் ஒரு காப்புரிமை வாங்கியவர். மற்றொரு சிற்றப்பா, கவி வொர்ட்ஸ்வொர்த்துக்கும் கோல்ரிட்ஜுக்கும் நண்பர். அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர். தந்தை 1814-ல் இறந்தபோது, ஒரே சகோதரர் புத்தி வளர்ச்சி குன்றியவராதலால், சொத்து ஸாராவுக்கும் தங்கை காதரைனுக்கும் வந்தது. இரு பெண்களும் மணம் புரிந்துகொள்ளவில்லை. ஸாரா லத்தீனும் கிரேக்கமும் கற்றவர், பிரெஞ்சும் இத்தாலியமும் அறிந்தவர், கணிதத்திலும் தேர்ந்தவர். 1817-ல் சகோதரிகள் இத்தாலி தேசத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். ரோமாபுரியின் பழைய கோயில்களும், எரிமலைச் சாம்பலில் புதைந்து தோண்டி எடுக்கப்பட்ட பாம்பேயி நகரமும் அவர்கள் மனத்தில் பதிந்தன.

1835-ல் காதரைன் காலமானார். ஸாராவின் வாழ்வில் அதற்கு ஈடான துயரம் வேறொன்றும் இல்லை என்று அவரை அறிந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். சில வருஷங்களில் ஊரின் பழைய ஜபக்கூடம் இடியும் நிலைக்கு வந்தது. புதிய கோயிலுக்கு வேண்டிய நிலத்தைத் தாம் தருவதாகவும், செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகவும் ஸாரா ஊராரிடம் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். எப்படிக் கட்டுவது என்பதில் யாரும் தம்மைக் கட்டுப்படுத்தக் கூடாது! பணம் கொடுப்பவர் இப்படிச் சொன்னால் எந்தக் கமிட்டிதான் மறுக்கும்? மொத்தச் செலவு சுமார் 1,200 பவுன் ஆயிற்று.

நாலாபுறமும் கூரிய வளைவுக் கோயில்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில் ஸாரா அரை வட்ட வளைவை எடுத்துக்கொண்டார். ரோமானியர் நியாய ஸ்தலங்களாகக் கட்டிய நீண்ட மண்டபத்தைத்தான் ஆதிக் கிறிஸ்தவர்கள் தம் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். நீண்ட சதுரமான கூடம். அதன் கிழக்கு முனையில் அரை வட்டமாக வளைந்த பகுதி. இத்தாலியின் வட பாகத்தில் அவர் கண்ட பழைய ஆலயங்களும் இதே அமைப்புத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ரீயா கோயில் சாதாரணமாகவே தோன்றும். உள்ளூர்க் கல்லில் கட்டிய கெட்டியான சுவர், உயரத்தில் சிறு ஜன்னல்கள், சரிந்த கூரை. கோபுரம் என்று சொல்லத் தக்கது எதுவும் இல்லை. சமீபத்தில் நெருங்கினால்தான் கல் பேசத் தொடங்குகிறது.

கூரைக்கடியில் சுவரிலிருந்து சில பிராணிகள் தலை நீட்டுகின்றன. ஆமை ஒன்று, முதலை ஒன்று, பாம்பு ஒன்று. பறக்கும் நாகம் போன்ற ஒரு விலங்கும் உண்டு. அது வெறும் அலங்காரமன்று. குளிர் காலத்தில் கோயிலைச் சூடேற்ற உள்ளே அமைத்த கொதிகலத்தின் புகை அதன் வாய் வழியாகத்தான் வெளியேறுமாம்! மேல் நாட்டுக் கதைகளில் வரும் அந்த விலங்கு நெருப்பைக் கக்குவது என்பதை நினைத்துப் பார்த்தால், துக்கத்தில் ஆழ்ந்திருந்த அந்த அம்மையாருக்குச் சிரிக்கவும் தெரிந்திருந்தது என்பது விளங்கும்.

மேற்குப் புறத்து வாசலையும் ஜன்னல்களையும் சுற்றிலும் செதுக்கியிருக்கும் உருவங்களைத்தான் நாம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். புனிதர்களின் உருவங்களை அங்கே தேட வேண்டாம். கோதுமைக் கதிர், கொடி, சுரைக்காய், வண்டு, வண்ணத்துப் பூச்சி, பைன் மரத்தின் கூம்புக் காய் என்று வயலும் தோட்டமும் காடும் கல்லாகி நிற்கின்றன. இவற்றினிடையே நத்தைச் சுருள் போன்ற ஓடு ஒன்று தென்படுகிறது. நத்தை என்று எண்ணி அப்பால் போய்விடக் கூடாது. அது ‘அம்மோனைட்’ என்ற கடற்பிராணியின் ஓடு. பூமியில் மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே அந்த இனம் பூண்டோடு அழிந்துவிட்டது. பாறைகளில் அதன் வடிவம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அழிந்துபோன ஒரு பிராணிக்கு ஆலய வாசலில் என்ன வேலை என்று கேட்கலாம். காலத்தைக் கவனிக்க வேண்டும். லயல் என்ற பூகர்ப்ப சாஸ்திரி, பூமியின் வயது சில ஆயிரம் வருஷங்கள் அல்ல என்று நிரூபிக்கும் தம் பெரு நூலை 1830 முதல் 1833 வரையில் வெளியிட்டார். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கல்லாய்ப்போன பெரணி இலைகளும் மரத் துண்டுகளும் வெளிவந்த வண்ணம் இருந்தன. அவற்றைப் படங்களுடன் விவரிக்கும் நூல் ஒன்று 1831-லிருந்து பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் ஆசிரியர் இருவரில் ஒருவர் லாஷ் குடும்பத்தார் தொழில் நடத்திய நியூகாஸில் பிரதேசத்தவர். ‘டைனோஸார்’ என்ற சொல்லே அச்சேறியது 1842-ல், இந்தக் கோயில் பிரதிஷ்டையான அதே வருஷத்தில். டார்வினுடைய நூல் வெளிவருவதற்கு இன்னும் பதினேழு வருஷங்கள் இருந்தன. பல பாதிரிமார்கள் புதிய சாஸ்திரத்தைக் கண்டு கலங்கிய அந்நாளில், ஒரு பெண்மணி கலங்காமல் அதை எடுத்துக் கோயில் வாசலிலேயே பதித்துவிட்டார்! பிரசங்க மேடையில் எவ்வளவு பேசினாலும் இந்த ஒரு செய்கைக்கு ஈடாகாது என்பது நமது அபிப்பிராயம்.

உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது வெளிச்சத்தின் குறைவுதான். ஜன்னல்கள் சிறியவை, உயரத்தில் உள்ளவை. சிலவற்றின் வர்ணக் கண்ணாடிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1830-ஆம் வருஷத்துப் புரட்சியில் பாரிஸ் நகரத்து அத்தியக்ஷரின் மாளிகை சூறையாடப்பட்டது. அங்கே நொறுங்கிய பழைய வர்ணக் கண்ணாடித் துண்டுகளை உறவினர் ஒருவர் சேகரித்துக் கொண்டுவர, அவற்றை நியூகாஸில் தொழிலாளிகள் இணைத்துப் பொருத்தினார்கள். முழு உருவம் எதுவும் தேறாது. சிவப்பும் நீலமுமாகச் சிதறிய துணுக்குகள் மட்டுமே. புது ஜன்னல் வாங்கப் பணமில்லாமல் செய்த காரியமா இது? உடைந்ததையும் எறியாமல் ஒளிக்கு வழிவிடச் செய்வதில் அவருக்கு ஒரு கருத்து இருந்திருக்க வேண்டும்.

கிழக்கே அரை வட்டப் பகுதியில், கையால் அணைத்துவிடலாம் போன்ற குட்டையான தூண்கள் வளைந்து நிற்கின்றன. அவற்றுக்கு மேலே சிறு சாளரங்கள். கண்ணாடிக்குப் பதிலாக, வெண்சலவை போன்று ஒளி ஊடுருவும் ‘அலபாஸ்டர்’ கல்லை மெல்லிய தகடாக அறுத்துப் பொருத்தி, கல்லாய்ப்போன பெரணி இலைகளின் வடிவில் வெட்டியிருக்கிறார்கள். வெயில் அடிக்கும்போது, சுரங்கத்துக்குள் இருண்டு கிடந்த அந்த இலைகள் தேன் நிறத்தில் ஒளி வீசும். இருளில் புதைந்ததை ஒளிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் அதற்கு வியாக்கியானம் வேண்டுமோ?

பீடம் என்பது பச்சை நிறச் சலவைக்கல் பலகை ஒன்று. இரண்டு பித்தளைக் கழுகுகள் அதைத் தாங்குகின்றன. மெழுகுவர்த்திக்குரிய தண்டுகள் அலபாஸ்டரில் செதுக்கிய தாமரைகள். எகிப்து தேசத்துப் பழஞ் சின்னங்களில் ஸாராவுக்கு ஈடுபாடு இருந்தது. சேற்றில் வேர்விட்டு நீரைக் கிழித்து மேலே வரும் பூவை, மறுபிறப்பின் அடையாளமாக அத்தேசத்தார் கொண்டார்கள். தாமரையைத் தெய்வ சந்நிதியில் காண்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் கம்பர்லந்துக் கிராமத்துக் குடியானவர்கள் ஞாயிறுதோறும் அதன் முன் மண்டியிட்டுக்கொண்டு என்ன நினைத்திருப்பார்களோ!

பிரசங்க மேடை மற்றோர் அதிசயம். சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக அமிழ்ந்து கிடந்த ஓக் மரங்களை அப்பிரதேசத்தில் தோண்டி எடுப்பதுண்டு. சேற்று நீரில் உள்ள இரும்புச் சத்தும் மரத்தின் துவர்ப்பும் கலந்து, அந்த மரம் கருங்காலி போலக் கறுத்து இறுகிவிடும். அப்படிப்பட்ட ஒரு பருத்த அடிமரத்தைக் குடைந்து, கல்லாய்ப்போன பனையின் தோற்றம் வரச் செதுக்கி மேடையாக்கியிருக்கிறார்கள். பாதிரியார் ஏறி நின்றால் மரப் பொந்துக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். வேதம் வாசிக்கும் நிலைகள் இரண்டும் கறுத்த மரத்தில் ஆனவையே. ஒன்றைக் கழுகு தாங்குகிறது. மற்றொன்றை நீண்ட அலகுள்ள நீர்ப்பறவை தாங்குகிறது. பர்மிங்ஹாம் பித்தளைக் கழுகு ஆயிரம் கோயில்களில் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருக்கும். இந்தப் பறவைகளோ இங்கே மாத்திரந்தான் உண்டு.

ஞானஸ்நானத் தொட்டி அலபாஸ்டரில் ஆனது. ஸாரா அம்மையார் உறவினர் ஒருவருடன் சேர்ந்து அதைத் தம் கையாலேயே செதுக்கினார். வண்ணத்துப் பூச்சியும் கொடியும் பூவும் சுற்றிலும் ஓடுகின்றன. அதன் மூடி மேல் பக்கம் ஒரு நிலைக்கண்ணாடி. கண்ணாடியின் மேல் கல் தாமரைகள் மிதக்கின்றன. குனிந்து பார்க்கிறவருக்கு, குளத்துத் தெளிந்த நீரில் பூக்களினிடையே தம் முகமே தெரியும். குழந்தையைக் கையில் ஏந்திய தாய் முதலில் காண்பது அதுதான்.

மற்றக் கல் வேலைகளில் பெரும் பகுதி வில்லியம் ஹிண்ட்ஸன் என்ற உள்ளூர்க் கல்தச்சன் கையால் ஆனது. கட்டட வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்த அந்த இளைஞனை, சிற்ப வேலை கற்று வருவதற்காக ஸாரா தம் செலவில் இத்தாலிக்கு அனுப்பினார். லண்டனிலிருந்து பேர் போன ஒருவரைத் தருவிப்பது அவருக்கு எளிது. செலவும் அதிகமாக இருந்திராது. ஊரான் கையில் வித்தையை ஏற்றி, அவனைக் கொண்டே ஊர்க் கோயிலைச் செய்விப்பதுதான் அவருக்கு உகந்ததாக இருந்தது. ரஸ்கின் என்ற பேராசிரியர், கைத்தொழிலாளி மனம் மகிழ்ந்து செய்யும் வேலையே உண்மையான சிற்பம் என்று 1850-க்குப் பின் எழுதிப் புகழ் பெற்றார். வில்லியம் மாரிஸ் அதையே ஓர் இயக்கமாக வளர்த்தார். கைவினைக்குப் புத்துயிர் தேடிய நம் நாட்டு அறிஞர்களும் அந்நூல்களைப் போற்றினார்கள். ரஸ்கினுடைய நூல் ஒன்று காந்தியடிகளின் வாழ்க்கையையே மாற்றியதை நாடறியும். அவர்கள் எழுதுவதற்கு முன்பே, எந்தத் தத்துவமும் பேசாமல், ரீயா கிராமத்தில் காரியம் நடந்து முடிந்துவிட்டது.

பைன் கூம்பைக் குறித்து ஒரு வார்த்தை. ஆலயத்தில் திரும்பிய இடமெல்லாம் அது காணப்படுகிறது. உலர்ந்து மரம் போல் ஆன அந்தக் காய்க்குள் விதை உயிரோடு இருக்கும். தக்க காலத்தில் செதில்கள் விரிந்து விதை வெளிவரும். பழைய ரோமானியரும் அதை அழியாத வாழ்வின் சின்னமாகக் கொண்டிருந்தனர். கூம்போடு கூட, ஆங்காங்கே அம்புகளும் செதுக்கியிருக்கின்றன. இவ்விரண்டுக்கும் ஊரார் ஒரு கதை சொல்வதுண்டு. வில்லியம் தெய்ன் என்ற மேஜர் அக்குடும்பத்துக்கு நண்பர். அவர் ஆப்கானிஸ்தானத்தில் படைத் தலைவரிடம் பணியாற்றியவர். 1842 ஜனவரியில் காபூலிலிருந்து ஆங்கிலப் படை பின்வாங்கிய போது மாண்டார். அங்கிருந்து அவர் அனுப்பிய பைன் கூம்பின் விதையை ஸாரா கோயிலருகே ஊன்றி வளர்த்தார் என்றும், அவர் அம்பு பட்டு இறந்ததையே சுவர்களிலுள்ள அம்புகள் குறிக்கின்றன என்றும் கதை. கதையின் பிற்பாதியை நம்புவது கடினம். அந்தக் கணவாய்களில் ஆப்கானியர் பிரயோகித்தவை நீண்ட குழல் துப்பாக்கிகள். வில்லும் அம்பும் அல்ல. திடீரென்று வரும் மரணத்துக்கு அம்பு பழைய சின்னம் என்பதே போதும்.

நண்பனை நினைந்து கல்லில் கூம்பு செதுக்கியவர் மேல் நமக்கு மரியாதையே தவிர வேறில்லை. ஆனால் நமது தேசத்தவர் இந்த இடத்தில் சற்று நிற்காமல் அப்பால் போக முடியாது. 1842 ஜனவரி 6-ஆம் தேதி காபூலை விட்டுப் புறப்பட்ட படையில் சுமார் 4,500 போர் வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் வெள்ளையர் எழுநூறு பேர் அளவே. மற்றவர்கள் வங்காளப் படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள். அவர்களோடு பன்னீராயிரம் பேர் வரையில் பணியாட்களும் ஸ்திரீகளும் குழந்தைகளுமாக நடந்தார்கள். பெரும்பாலோர் கங்கைச் சமவெளியின் வெப்பத்தில் பிறந்தவர்கள். பனியில் நடக்கத் தக்க பாதரட்சையும் இல்லை, போர்வையும் இல்லை. ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. ஜலாலாபாத் கோட்டைக்கு 13-ஆம் தேதி தள்ளாடி வந்து சேர்ந்த பிரைடன் என்ற வைத்தியரை, ‘தப்பிய ஒரே மனிதர்’ என்று ஆங்கிலச் சரித்திரப் புத்தகங்கள் வெகு காலம் சொல்லி வந்தன. பனியில் விரல்கள் அழுகிப் பிழைத்துத் திரும்பிய சிப்பாய்களும், அடிமைகளாக விற்கப்பட்டவர்களும் அந்தக் கணக்கில் மனிதர்களாக எண்ணப்படவில்லை போலும். மேஜர் தெய்னின் மரணத்துக்கு ஒரு கிராமத்தில் ஒரு பைன் மரம் முளைத்தது. அவரோடு அதே பாதையில் விழுந்த சிப்பாய்களில் ஒருவன் பெயரையாவது சொல்லும் ஒரு கல் உண்டா என்று நாம் தேடிப் பார்த்தோம். நம் கண்ணுக்கு எட்டியவரை ஒன்றும் அகப்படவில்லை. இதற்கு ஸாரா லாஷ் குற்றவாளி அல்லர். அவர் தாம் அறிந்த ஒருவருக்காக அழுதார்; நம்மவர்களுக்காகக் கல் நட வேண்டியவர்கள் வேறு பேர்.

கோயிலை முடித்த பின்னும் அவர் கை ஓயவில்லை. 1850-ஐ ஒட்டி, கோயிலருகே, சாந்து பூசாத பெரும் பாறைத் துண்டுகளை அடுக்கித் தங்கைக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டினார். ஆதி மனிதன் கட்டியது போன்ற கரடுமுரடான அந்தக் கல்லறைக்குள் வெண்சலவைக்கல்லில் காதரைனின் உருவம் அமர்ந்திருக்கிறது. டேவிட் டன்பார் என்ற சிற்பி செய்தது. இத்தாலியப் பிரயாணத்தின்போது ஸாரா தீட்டிய சித்திரம் ஒன்றைப் பார்த்துச் செய்ததாகச் சொல்வார்கள். கையில் ஒரு பைன் கூம்பு. கண்கள் அதன் மேல் தாழ்ந்திருக்கின்றன. இதற்கு முன்பே பெற்றோருக்காக, அப்பிரதேசத்துப் பழைய சிலுவைத் தூண் ஒன்றைப் பின்பற்றி ஒரு தூணும் எழுப்பியிருந்தார்.

பள்ளிக்கூடமும் அவர் கட்டியது என்பதை நாம் சொல்லாமல் விட்டால் உபாத்தியாயர் ஜாதிக்குத் துரோகம் செய்தவராவோம். அது மட்டுமன்று. பள்ளி உபாத்தியாயர் குடியிருக்க, பாம்பேயி நகரத்தில் தாம் கண்ட ஒரு வீட்டின் அமைப்பில் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்! ரோமானியப் பிரபுவின் இல்லம் போன்ற வீட்டில் கிராமத்து வாத்தியார் குடியிருந்ததை நினைத்தால், வாடகை வீடு தேடி அலையும் நம் சகோதர உபாத்தியாயர்களுக்குப் பெருமூச்சு வராமல் போகுமா? பாம்பேயியில் மழை குறைவு, கம்பர்லந்தில் அதிகம். அந்த வீட்டுக்காரம்மாள் இதைப் பற்றி என்ன சொன்னார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஸாராவுக்குத் தம் காலத்தில் புகழ் வரவில்லை. கேம்பிரிட்ஜ் சங்கத்தார் வகுத்த இலக்கணத்துக்குள் இந்தக் கோயில் அடங்காது. 1869-ல் அங்கே வந்து பார்த்த ஓவியரும் கவியுமான ரோஸெட்டி இதன் அழகைக் கண்டு வியந்தார். அப்புறம் நெடுநாள் மௌனம். இங்கிலாந்தின் கட்டடங்களை ஜில்லா ஜில்லாவாக ஆராய்ந்து எழுதிய பெவ்ஸ்னர், 1967-ல் வெளியிட்ட தொகுதியில் அந்தப் பக்கத்துச் சிற்பங்களில் இதற்கு உயர்ந்த இடம் கொடுத்தார். 2012-ல் ஜென்னி அக்லோ என்ற எழுத்தாளர் ஸாராவின் சரித்திரத்தை விரிவாக எழுதி வெளியிட்டார். நூலின் பெயர் ‘பைன் கூம்பு’ என்பதே. அம்மையாரின் தினக் குறிப்புக்கள் இன்று கிடைப்பதில்லை. ஏன் முதலையைச் செதுக்கினார், ஏன் தாமரையை வைத்தார் என்று அவர் வாயால் கேட்க வழியில்லை. கல்லைத்தான் கேட்க வேண்டும்.

1853-ல் ஸாரா காலமானார். உலகத்துப் பிராணிகளையும் இலைகளையும் கல்லில் அழைத்து வந்தவருக்குத் தனியாக மண்டபமோ சிலையோ இல்லை. தங்கையைப் புதைத்த அதே குழியில், ஒரே கல்லின் கீழ், அவரையும் வைத்தார்கள்.